நுண்ணுயிரின் நஞ்சும் புற்றுநோயின் மருந்தும்

நஞ்சு வேறு, மருந்து வேறு என்று கருதி நாம் பழகிவிட்டோம். நம் நாட்டுப் பழைய வைத்தியநூல் வல்லார் அவ்வாறு கருதினாரல்லர். எட்டியும் சேங்கொட்டையும் இரசமும் அவர்தம் மருந்துப் பெட்டகத்தில் இடம்பெற்றிருந்தன. சுத்திசெய்யும் முறை அறிந்து, அளவும் காலமும் தெரிந்து கொடுத்தால் அவை நோய் தீர்க்கும்; அறியாது கொடுத்தால் உயிர் போக்கும். பொருள் ஒன்றே, பயன் அதனைக் கையாள்வோன் அறிவைப் பொறுத்தது.

இவ்வுண்மையை இக்காலத்து விஞ்ஞானிகள் வேறொரு துறையிலே மீண்டும் கண்டு வருகின்றனர். கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்கள் தம்முள் ஒன்றையொன்று கொல்வதற்காகச் சுரக்கும் நஞ்சுகள் சில, மனிதரை வருத்தும் புற்றுநோய்க் கலங்களையும் கொல்லவல்லன என்பது அவர்கள் கண்ட செய்தி. அந்நஞ்சுகளுட் பல 'பெப்தைட்டு' எனப்படும் பொருள் வகையைச் சேர்ந்தவை. அவற்றுட் சில ஏற்கெனவே மருந்தாகி, பல்லாயிரம் உயிர்களைக் காத்துள்ளன. சில இன்னும் ஆய்வுகூடத்தின் வாயிலைக் கடக்கவில்லை. எவை கடந்தன, எவை கடக்கவில்லை என்று பிரித்தறிவது இன்று கற்றோர் அனைவருக்கும் வேண்டியதாயிற்று. அது ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

சொல்லும் பொருளும்

முதலிற் சொற்களைத் தெளிந்துகொள்வோம். 'புற்று' என்னும் சொல் கறையான் எழுப்பும் மண்மேட்டைக் குறிப்பது. நாளுக்குநாள் ஓசையின்றி வளர்வதும், உள்ளே கண்ணறைகள் உடையதாவதும் அதன் இயல்பு. உடம்பிலே அவ்வாறு வளரும் கட்டிக்கு நம் முன்னோர் அப்பெயரையே இட்டனர். கிரேக்கர் கண்ணுக்கு அது நண்டாகத் தோன்றிற்று. கட்டியைச் சுற்றிப் புடைத்துநிற்கும் நரம்புகள் நண்டின் கால்களை ஒத்திருந்தமையால் அதனைக் 'கார்க்கினோஸ்' என்றனர். இலத்தீன் மொழியில் அதுவே 'கான்சர்' ஆயிற்று. நம் சோதிடர் கூறும் கடகமும் அதே நண்டுதான்.

இருபெயரும் நோயின் புறத்தோற்றத்தைக் கூறுவன. அதன் உள்ளியல்பை அறிய நெடுங்காலம் சென்றது. நம் உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலமும் வேண்டியபோது இரண்டாகப் பிரிந்து பெருகும். போதும் என்ற நிலையில் நின்றுவிடும். பழுதுற்றால் தானே மடிந்துவிடும். நிற்கவும் மடியவும் மறந்துபோன கலத்தின் வழித்தோன்றல்களே புற்றுநோய். எனவே இங்கே பகைவன் புறத்திருந்து வந்தவன் அல்லன். நம் குலத்திற் பிறந்து நெறி தவறியவன். அவனை மட்டும் கொன்று, அவனோடு ஒத்த உருவுடைய மற்றையோரைக் காப்பதே வைத்தியத்துறையின் பெருஞ் சிக்கல்.

இனிப் 'பெப்தைட்டு' என்பது யாது? செரித்தல் என்னும் பொருள்படும் கிரேக்க அடியிலிருந்து, செருமனிய இரசாயன அறிஞர் எமில் பிசர் 1902ஆம் ஆண்டளவில் இச்சொல்லை ஆக்கினார். புரதம் செரிக்கும்போது உண்டாகும் சிறு துண்டங்கள் இவை. தமிழ் மாணாக்கருக்கு இதனை எளிதில் விளக்கலாம். அமினோவமிலங்கள் எழுத்துகள், சில எழுத்துகள் தொடர்ந்தாற் சொல், பல தொடர்ந்தால் நீண்ட வாக்கியம். சொல்லளவில் நிற்பது பெப்தைட்டு. வாக்கியமாக நீண்டது புரதம். உயிர்கள் வழக்கமாக ஆளும் எழுத்துகள் இருபது. பற்றீரியாக்களோ நெடுங்கணக்கிற் சேராத கிரந்த எழுத்துகளைப்போலச் சில புதிய அமிலங்களையும் இடையிடையே வைத்துத் தொடுக்கும். அன்றியும், சித்திரகவியிற் சக்கரபந்தம் அமைப்பார்போல முதலும் முடிவும் ஒன்றாகும்படி வளையமாகவும் தொடுக்கும். முனையே இல்லாத வளையத்தை, முனையிலிருந்து அரித்துத் தின்னும் செரிமான நொதியங்கள் அழிப்பது அரிது. ஆகவே அவ்வமைப்புக்கும் ஒரு பயன் உண்டு.

மண்ணினுள் நிகழும் போர்

கோடை முடிந்து முதன்மழை பெய்தவுடன் நிலத்திலிருந்து எழும் மணத்தை அறியாதார் இலர். அம்மணத்துக்குப் பெரிதுங் காரணமானவை மண்ணில் வாழும் 'ஸ்ரெப்ரோமைசிஸ்' என்னும் பற்றீரியாக்கள். இவை இழையிழையாகக் கதிர்போலப் பரந்து வளர்வதைக் கண்ட பழைய அறிஞர், பூஞ்சணம் என மயங்கி, இவற்றின் இனத்துக்கு 'அற்றினோமைசீற்று' எனப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'அக்திஸ்' கதிர், 'மீக்கெஸ்' பூஞ்சணம். பூஞ்சணம் அன்றென்பது தெளிந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு பிடி மண்ணிலே எண்ணற்ற நுண்ணுயிர்கள் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிட்டு வாழ்கின்றன. அப்போட்டியில் அவை கையாளும் படைக்கலங்களே நுண்ணுயிர்கொல்லிகள். 1925ஆம் ஆண்டிலே பெல்சிய நாட்டு அறிஞர் அந்திரே கிராற்றியா, குடலில் வாழும் ஒருவகைப் பற்றீரியா தன் இனத்தின் மற்றொரு வகையைக் கொல்லும் பொருளொன்றைச் சுரப்பதை வெளியிட்டார். இத்தகைய படைக்கலங்களுக்குப் பின்னர்ப் 'பற்றீரியோசின்' என்னும் பொதுப்பெயர் வழங்கலாயிற்று.

1939ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரத்து ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ரெனே தியூபோ என்பார், மண்ணிற் கிடைத்த 'பசிலசு பிரெவிசு' என்னும் பற்றீரியாவிலிருந்து 'தைரோதிரிசின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதனுட் கலந்திருந்த 'கிராமிசிடின்', 'தைரோசிடின்' என்னும் இரண்டும் பெப்தைட்டுகளே. நோய்க்கிருமிகளை அவை விரைந்து கொன்றன. ஆயின் குருதியிற் செலுத்தியபோது செங்குருதிக் கலங்களையும் உடைத்தன. ஆதலின் புறப்பூச்சாகவும் கண்ணுக்கிடும் துளியாகவும் மட்டுமே அவை பயன்பட்டன. பகைவனையும் நண்பனையும் ஒருங்கே வெட்டும் வாள் இது. இக்குறையை மனத்திற் கொள்க; இத்துறையின் வரலாறு முழுவதும் இக்குறையோடு நிகழ்த்திய போராட்டமேயாகும்.

கைவிடப்பட்டது கைகொடுத்தது

ஐக்கிய அமெரிக்காவின் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திலே மண்ணின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து வாழ்நாளைக் கழித்தவர் செல்மன் வக்ஸ்மன். கசநோய்க்கு மருந்தான ஸ்ரெப்ரோமைசின் 1943ஆம் ஆண்டில் அவரது ஆய்வுகூடத்திலேதான் அவருடைய மாணவர் அல்பேட் சாற்ஸ் கையிற் கிடைத்தது. 1952ஆம் ஆண்டு நோபெல் பரிசு வக்ஸ்மனுக்கு வழங்கப்பட்டது. இதனைப் பலரும் அறிவர். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1940இல், அவரும் அவர் மாணவர் பொயிட் வூட்றவும் செம்மஞ்சள் நிறமுள்ள மற்றொரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர் என்பதை அறிவார் சிலரே. அதன் பெயர் அற்றினோமைசின்.

அது கிருமிகளை வலிமையுடன் கொன்றது. ஆய்வு விலங்குகளையும் அவ்வாறே கொன்றது. இத்துணைக் கொடிய பொருள் தொற்றுநோய்க்கு மருந்தாகாதென ஒதுக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின், 1952இல், செருமனியில் இவ்வினப் பொருள் புற்றுநோய்க்குப் பயன்படுவதாக அறிக்கைகள் வெளிவந்தன. பொஸ்ரன் நகரிலே குழந்தைகளின் புற்றுநோயோடு போராடிவந்த வைத்தியர் சிட்னி பார்பர், அற்றினோமைசின்-டி என்னும் வகையை எடுத்து ஆராய்ந்தார். 'வில்ம்ஸ் கட்டி' எனப்படும் நோய் சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தில் தோன்றுவது. கத்தியால் அறுத்தெடுத்த பின்னரும் நுரையீரலிலே தலைகாட்டிப் பிள்ளையைக் கொண்டுபோவது அதன் வழக்கம். சத்திரவைத்தியத்தோடும் கதிர்வைத்தியத்தோடும் இம்மருந்தையும் சேர்த்தபோது, நுரையீரலிற் பரவிய கட்டிகளும் கரைந்தன. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் இம்மருந்துக்கு அனுமதி வழங்கிற்று. வசதி மிக்க நாடுகளிலே இன்று இந்நோயுற்ற பிள்ளைகளிற் பத்தில் ஏறத்தாழ ஒன்பதுபேர் பிழைக்கின்றனர். இது பல மருந்துகளும் பல முறைகளும் கூடித் தந்த வெற்றி; அவற்றுள் மண்ணிற் பிறந்த இப்பெப்தைட்டு இன்றும் தன் இடத்தை இழக்கவில்லை.

இது தொழிற்படும் முறையை ஏட்டுச்சுவடி கொண்டு விளக்கலாம். கலத்தின் கருவினுள் இருக்கும் டீ.என்.ஏ. மூல ஏடு. அதனைப் பார்த்துப் படியெடுத்தே கலம் தன் தொழில்களை நடத்துகிறது. அற்றினோமைசினின் நடுப்பாகம் தட்டையானது; அதன் இருபுறமும் பெப்தைட்டு வளையங்கள் இரண்டு தொங்குகின்றன. தட்டையான பாகம் ஏணிப்படிபோன்ற டீ.என்.ஏ. அடுக்கினிடையே புகுந்துகொள்ளும், வளையங்கள் பற்றிக்கொள்ளும். ஏடுகளுக்கிடையே பிசின் ஊற்றியதுபோலாகிப் படியெடுப்போன் மேற்செல்ல இயலாது நிற்பான். விரைந்து பெருகும் கலமே படியெடுப்பை மிகுதியாக வேண்டிநிற்பது. ஆதலின் அதுவே முதலில் வீழ்கின்றது. ஆயின் மயிர்க்காலும் வாயின் உட்தோலும் எலும்பு மச்சையும் விரைந்து பெருகும் கலங்களை உடையன. மருந்துண்டோர் தலைமயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், குருதி குன்றுவதும் இக்காரணத்தாலேயே.

யப்பான் தந்த மற்றொன்று

யப்பானிய அறிஞர் கமாவோ உமேசாவா 1966ஆம் ஆண்டில் 'பிளியோமைசின்' என்னும் பொருளைப்பற்றி வெளியிட்டார். 'ஸ்ரெப்ரோமைசிஸ் வேர்ட்டிசிலசு' என்னும் மண்வாழ் பற்றீரியா தந்தது அது. பெப்தைட்டோடு வெல்லக்கூறும் இணைந்த அமைப்பு. பிரித்தெடுக்கும்போது செம்பைப் பற்றியிருந்தமையால் நீலநிறம் காட்டிற்று. உடம்பினுள் இரும்போடும் ஒட்சிசனோடும் கூடி, டீ.என்.ஏ. ஏட்டையே அறுத்துவிடுவது இதன் தொழில். முன்னையது பிசின் என்றால் இது கத்தி.

இளைஞரின் விதையிலே தோன்றும் புற்றுநோய் உடம்பெங்கும் பரவியபின் பிழைப்போர் முன்னாளில் மிகச் சிலரே. 1974ஆம் ஆண்டிலே இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் லோரன்ஸ் ஐன்ஹோர்ண், சிஸ்பிளாற்றின், வின்பிளாஸ்ரின், பிளியோமைசின் ஆகிய மூன்றையும் ஒருங்கு கொடுக்கத் தொடங்கினார். சிகிச்சை பெற்றோரிற் பத்தில் ஏழுபேரளவில் நோய் முற்றும் மறைந்தது. பிளாற்றினம் சேர்ந்த சிஸ்பிளாற்றினே அங்கே படைத்தலைவன். ஆயினும் பிளியோமைசின் துணைநின்ற வீரன் என்பதில் ஐயமில்லை.

இதற்கும் ஒரு கேடு உண்டு. பிளியோமைசினைச் சிதைத்து வலியழிக்கும் நொதியம் ஒன்று உடம்பின் பெரும்பாலான உறுப்புகளில் உள்ளது. நுரையீரலிலும் தோலிலும் அது மிகக் குறைவு. ஆகவே அவ்விடங்களில் மருந்து தங்கித் தீங்கு செய்யும். நுரையீரல் தடித்து மூச்சு முட்டி இறந்தோரும் உளர். வைத்தியர் மொத்த அளவை எல்லைக்குள் நிறுத்தி, நோயாளரின் மூச்சை அடிக்கடி அளந்தே இதனைக் கொடுக்கின்றனர். நஞ்சும் மருந்தும் ஒன்றே என்று தொடக்கத்திற் கூறியதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பாற்கட்டியிற் கிடைத்த பெப்தைட்டு

மேற்கூறிய இரண்டும் கலத்தின் உள்ளே புகுந்து ஏட்டைக் கெடுப்பன. இனிக் கூறப்போவது கலத்தின் மதிலைத் துளைப்பது.

பாலைப் புளிக்கவைக்கும் பற்றீரியாக்களுள் ஒன்று மற்றையவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதை 1928இல் அமெரிக்காவிலும் 1933இல் நியூசிலாந்திலும் கண்டனர். பாற்கட்டி செய்வோருக்கு அது முதலில் தொல்லையாகவே தோன்றிற்று. இங்கிலாந்திலே மற்றிக், கேர்சு என்னும் இருவர் 1940களில் அதனை ஆராய்ந்து, 'என் குழுவின் தடைப்பொருள்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நிசின்' எனப் பெயரிட்டனர். 34 அமினோவமிலங்கள் கொண்ட பெப்தைட்டு இது. கந்தகப் பிணைப்பால் ஐந்து வளையங்கள் உடையது. பாற்கட்டி முதலிய உணவுகள் பழுதாகாமற் காக்க இதனைப் பல நாடுகள் அனுமதித்துள்ளன. அமெரிக்கா 1988இல் அனுமதித்தது.

இத்தகைய பெப்தைட்டுகள் பல நேர்மின்னேற்றம் உடையன. பற்றீரியாவின் மேற்புறம் எதிர்மின்னேற்றம் உடையது. காந்தத்தின் எதிர்முனைகள்போல ஒன்றையொன்று இழுக்க, பெப்தைட்டு மென்சவ்விற் படிந்து துளையிடும். நலமுள்ள மனிதக் கலத்தின் வெளிப்புறம் பெரும்பாலும் மின்னேற்றம் அற்றது. ஆதலின் அங்கே ஈர்ப்புக் குறைவு. புற்றுநோய்க் கலமோ மதிலின் உட்புறத்தே மறைந்திருக்கவேண்டிய 'பொசுபற்றிடைல்செரீன்' என்னும் எதிர்மின்னேற்றக் கொழுப்பை வெளிப்புறத்திலும் காட்டி நிற்கிறது. நெறி தவறியவன் தன் மேலாடையைப் புறம் மாறி அணிந்து திரிவதுபோல இது. அந்த அடையாளத்தைக் கொண்டு அவனைப் பிரித்தறியலாம் என்பதே இத்துறையினரின் நம்பிக்கை.

மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர் 2012இல் நிசினை வாய், தொண்டைப் பகுதிகளில் தோன்றும் புற்றுநோய்க் கலங்களுக்கு இட்டுப் பார்த்தனர். கல்சியம் கலத்தினுட் பாய்ந்தது. கலம் தானே மடியும் நெறியை மேற்கொண்டது. எலிகளிடத்தே கட்டியின் வளர்ச்சி குறைந்தது. 2015இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்விலே, தூய்மை மிக்க நிசின் வகையொன்று எலிகளின் வாழ்நாளையும் நீட்டிற்று. செய்தி நற்செய்தியே. ஆயின் அது எலியைப் பற்றிய செய்தி.

செய்தித்தாள் நறுக்கு

என்னிடம் முன்னர்ப் பயின்ற ஒருவர் ஒருநாள் மாலை செய்தித்தாள் நறுக்கொன்றோடு வந்தார். அவருடைய தாயாருக்கு வாயிலே புற்றுநோய். கதிர்வைத்தியம் தொடங்கியிருந்தது, தாயார் வலி தாளாது அழுதுகொண்டிருந்தார். "ஐயா, பாற்கட்டியில் உள்ள பொருளே புற்றுநோயை அழிக்கும் என்று இதில் எழுதியிருக்கிறார்கள். ஆசுபத்திரியை விட்டுவிட்டு அம்மாவுக்கு இதையே கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

"தம்பி, இருந்து ஒரு கணக்குச் செய்வோம்" என்றேன். எலிகளுக்கு உயர்ந்த அளவாகக் கொடுத்த நிசின், உடல்நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 800 மில்லிகிராம். உணவுகளிற் சேர்க்கும் அளவு ஒரு கிலோகிராம் உணவுக்கு 37.5 மில்லிகிராமைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. தாயாரின் நிறை 50 கிலோகிராம் என்று கொள்வோம். நிறைக்கு நிறை கணக்கிட்டால் 40 கிராம் நிசின் வேண்டும். அது ஆயிரங் கிலோகிராமுக்கு மேற்பட்ட பாற்கட்டியில் இருப்பது. எலிக்கும் மனிதருக்கும் மருந்தளவை மாற்றும் முறை வேறாதலின் மனிதருக்குரிய அளவு இதனிற் பன்மடங்கு குறையலாம். அவ்வாறு குறைந்தாலும் ஒருவர் ஒருநாளில் உண்ணத்தக்க அளவுக்கு அது இறங்காது. அன்றியும், வாயால் உண்ட பெப்தைட்டை வயிறு செரித்துவிடும். செரித்தல் என்னும் பொருளிலேதான் அப்பெயரே பிறந்தது.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் நறுக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாட் காலை தாயாரை ஆசுபத்திரிக்கே அழைத்துச் சென்றார். அந்நறுக்கிலே பொய் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. எலி என்னும் சொல் மட்டும் கடைசிப் பத்தியிற் சிற்றெழுத்தில் இருந்தது.

நீலநிறப் புரதம்

மனிதரிடத்தே பரிசோதிக்கப்பட்ட ஒன்றையும் கூறவேண்டும். தீப்புண்ணிலும் நுரையீரலிலும் புகுந்து பெருந்தீங்கு செய்யும் பற்றீரியா ஒன்று 'சூடோமோனசு எருசினோசா'. இலத்தீனில் 'எருகோ' என்பது செம்பிற் களிம்பு. அக்கிருமி தரும் நீலப்பச்சை நிறத்தால் அமைந்த பெயர் இது. இக்கிருமி செம்பைத் தாங்கிய 'அசூரின்' என்னும் நீலப் புரதத்தையும் ஆக்குகிறது. இது போர்க்கருவியாகப் பிறந்ததன்று. இலத்திரன்களைக் கைமாற்றும் ஏவலாளே. ஆயினும் இதன் துண்டமொன்று புற்றுநோய்க்குப் பகையென்று கண்டவர், வங்காளத்திற் பிறந்து சிக்காக்கோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தியும் அங்கே சத்திரவைத்தியப் பேராசிரியராயிருந்த தபஸ் தாஸ்குப்தாவும் அவர்தம் குழுவினருமாவர். ஆய்வுகூடத்தில் மாற்றியமைத்த நுண்ணுயிருக்கும் உரிமைச்சாசனம் வழங்கலாம் என்று 1980இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்த புகழ்பெற்ற வழக்கு இச்சக்கரவர்த்தியின் பெயரால் வழங்குவது. அவர் 2020இல் மறைந்தார்.

அசூரின் 128 அமினோவமிலங்கள் கொண்டது. அதன் 50ஆம் இடம் முதல் 77ஆம் இடம் வரையுள்ள 28ஐ மட்டும் எடுத்தபோது, அத்துண்டம் நலமுள்ள கலத்தைவிடப் புற்றுநோய்க் கலத்தினுள்ளே மிகுதியாகப் புகுவது தெரிந்தது. 'பீ-28' என்பது அதன் பெயர். நம் கலங்களிலே 'பீ-53' என்னும் புரதம் ஒன்று ஏடு சரிபார்ப்போனாகப் பணிபுரிகிறது. பிழை கண்டால் அது கலப்பிரிவை நிறுத்தும். திருத்தமுடியாத பிழையாயின் கலத்தை மடியச் செய்யும். மனிதப் புற்றுநோய்களிற் பாதியளவில் இப்புரதத்துக்குரிய மரபணு பழுதுற்றிருக்கிறது. பீ-28 அதனைப் பற்றிக்கொண்டு, அது சிதைந்துபோகாமற் காத்து, அதன் பணியைத் தொடரச் செய்கிறது.

மற்றை மருந்துகளுக்கு அடங்காத முற்றிய நோயினர் பதினைவரிடத்தே நடந்த முதற்கட்டப் பரிசோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. கொடிய பக்கவிளைவு காணப்படவில்லை, சிலருக்குக் கட்டி சுருங்கிற்று, ஒருவருக்கு மறைந்தது. மூளைக்கட்டியுற்ற பிள்ளைகளிடத்தே நடந்த பரிசோதனை 2016இல் வெளிவந்தது. மருந்தை அவர்கள் தாங்கிக்கொண்டனர்; கட்டி கரைந்ததெனச் சொல்லத்தக்க பயன் காணப்படவில்லை. முதற்கட்டம் என்பது மருந்து கொல்லுமோ என அறிவதற்கு. குணப்படுத்துமோ என அறிய அதற்கு மேலும் பல படிகள் உள. பீ-28 அப்படிகளை ஏறி முடித்து வழக்கிலுள்ள மருந்தாகவில்லை.

இடையில் நிற்கும் தடைகள்

ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலே புற்றுநோய்க் கலத்தைக் கொல்வது அரிதன்று. உப்பு மிகுந்த நீரும் கொல்லும், கொதிநீரும் கொல்லும். கொல்லவேண்டியதை மட்டும் கொல்வதே அரிது. பெப்தைட்டு குருதியிற் புகுந்தவுடன் அங்குள்ள நொதியங்கள் அதனைத் துண்டாடத் தொடங்குகின்றன. சில சிறுநீரகத்தின் வழியே விரைந்து வெளியேறிவிடுகின்றன. சில செங்குருதிக் கலத்தை உடைக்கின்றன. சிலவற்றை உடம்பின் காவற்படை அயலாரெனக் கண்டு எதிர்க்கின்றது. தூய பெப்தைட்டை மிகுதியாக ஆக்குதற்குச் செலவும் பெரிது.

இவற்றுக்கு மாற்றுவழி தேடும் முயற்சிகளும் நடக்கின்றன. அமினோவமிலத்தின் இடவல அமைப்பை மாற்றி நொதியத்தை ஏமாற்றுவது ஒன்று. நுண்ணிய கொழுப்புக் குமிழிலே பொதிந்து அனுப்புவது மற்றொன்று. பழைய மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து அவற்றின் அளவைக் குறைப்பது பிறிதொன்று. அற்றினோமைசின் ஒதுக்கப்பட்டு மீண்டு மருந்தாக இருபத்துநான்கு ஆண்டு சென்றது. பொறுமை இன்றி இத்துறையில் ஒன்றும் கைகூடியதில்லை.

ஆசிரியர் கடன்

நோயாளரின் வீட்டிலே நம்பிக்கை என்பது உணவைப்போல வேண்டப்படுவது. பொய்ந்நம்பிக்கையோ நாள்களைத் திருடிக்கொண்டு போகும். புற்றுநோயில் இழந்த நாள்களை எந்த மருந்தும் மீட்டுத் தருவதில்லை. 'புற்றுநோய்க்கு மருந்து கண்டார்கள்' என்னும் தலைப்பைக் காணும்போது, அது தட்டிலா, எலியிலா, மனிதரிலா, மனிதராயின் எத்தனைபேரில் என்று கேட்கும் பழக்கத்தை மாணாக்கருக்கு ஊட்டுதல் நம்மனோர் கடன். நூலிலே பாடபேதம் கண்டால் எந்தச் சுவடி, எந்த உரை என்று கேட்கப் பழக்குகின்றோமல்லமோ? அதே பழக்கந்தான் இங்கும் வேண்டியது.

நிசினை வாய்ப்புற்றிலே பரிசோதித்தார்கள் என்றோம். அந்நோய் நமக்குத் தொலைவானதன்று. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பது. புகையிலை சேர்த்த வெற்றிலைத் தாம்பூலம் அதற்குப் பெருங்காரணம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தினர் தம் ஆய்வின் முடிபாக 2004இல் வெளியிட்டனர். மங்கலப் பொருளென்று நாம் போற்றும் ஒன்றைப்பற்றி இவ்வாறு எழுதுதல் எனக்கு மகிழ்ச்சி தருவதன்று. ஆயினும் உண்மை உண்மையே. வாயிலே ஆறாத புண்ணோ வெண்படலமோ செம்படலமோ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நின்றால் வைத்தியரிடம் காட்டவேண்டும். தொடக்கத்திற் கண்டால் தீர்க்கத்தக்க நோய் அது. மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் அதற்கென்றே ஆசுபத்திரிகள் உள்ளன.

பற்றீரியாவின் பெப்தைட்டுகள் இனியும் பல மருந்துகளைத் தரக்கூடும். அவற்றைத் தேடுவோர் தேடட்டும். அவர்தம் உழைப்பை மதிப்போம். அவர்கள் கண்டு முடிக்கும் வரைக்கும், இன்று கையிலுள்ள வைத்தியத்தைக் காலந்தாழ்த்தாது நாடுவதும், நாடுவோரைத் தடுமாறச் செய்யாதிருப்பதும் நம் கையில் உள்ளன.